அடைகாப்பதும் முதலில் வாங்குவதும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயிலில் சாளரத்தோரம் இடம் கிடைத்துவிட்டால், தமிழகத் தொழில் வரலாற்றின் சில அத்தியாயங்களை ஒரே பயணத்தில் புரட்டிவிடலாம். திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் பிறந்த இடம். எண்ணூரில் 1949இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். மீஞ்சூர், பொன்னேரியின் கழனிகளைக் கடந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள். இவற்றுள் பல அயல்நாட்டு வரைபடத்தைக் கொண்டு இங்கே பொருள் செய்தவை. இன்று காற்று எதிர்த்திசையில் வீசவேண்டும் என்று விரும்புகிறோம். இங்கே வரையப்பட்ட ரோபோக்கள் உலகச் சந்தைக்குச் செல்லவேண்டும்; அதற்கு ‘ஆக்சிலரேட்டர்’ எனப்படும் முடுக்கித் திட்டங்கள் வழி செய்யும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வரலாற்றைக் கொண்டு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடுக்கிக்கு மூத்தது ‘இன்குபேட்டர்’. அச்சொல் தொழிலுலகில் நுழைந்த கதை சுவையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பட்டாவியா என்னும் சிற்றூரில் வேளாண் கருவித் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. 1959இல் அக்கட்டடத்தை வாங்கிய மான்குசோ குடும்பத்தார், மொத்தமாக வாடகைக்கு எடுக்க ஆளின்றி அதைத் துண்டு துண்டாகச் சிறு தொழில்களுக்குக் கொடுத்தனர். குடிவந்தவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். நாங்களும் இங்கே அடைகாக்கிறோம் என்று ஜோசப் மான்குசோ வேடிக்கையாகச் சொல்லப்போக, பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1958இல், கிண்டித் தொழிற்பேட்டை உருவாகியிருந்தது என்பது நாம் அதிகம் பேசாத செய்தி. 1964இல் அம்பத்தூர், 1971இல் சிப்காட் நிறுவனம், 1986இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்கா, 2013இல் சென்னை ஐஐடியின் இன்குபேஷன் மையம். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய ‘ஒய் காம்பினேட்டர்’, சிறு முதலீடு, மூன்று மாதப் பயிற்சி, முடிவில் முதலீட்டாளர்கள் முன் அரங்கேற்றம் என்ற முறையைப் பரப்பியது. ஆக, அடைகாக்கும் கலை நமக்குப் புதிதன்று. பின் குறை எங்கே?

அம்பத்தூர் இதற்கு விடை சொல்கிறது. அங்கே கடைசல் எந்திரத்தில் நூலிழை பிசகாமல் உலோகம் கடையும் கைகள் ஏராளம். ஆயினும் அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை பெருநிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தே வாழ்ந்தன. அரசு நிலம் கொடுத்தது, கொட்டகை கொடுத்தது, மின்சாரம் கொடுத்தது. தம் பெயரில் ஒரு பொருளை வடிவமைத்து விற்பதற்கான துணிவை மட்டும் எந்தத் தொழிற்பேட்டையாலும் கொடுக்க இயலவில்லை. அத்துணிவு, நம்பி முதலில் வாங்குபவரிடமிருந்து வருவது.

புல்லட்டின் கதையை இங்கே நினைவுகூரலாம். எல்லைக் காவலுக்குத் தகுந்த வண்டியைத் தேடிய இந்திய அரசு, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டிடம் 350 சிசி புல்லட்டுகள் 800 கேட்டது. அந்தக் கொள்முதலின் தொடர்ச்சியாகவே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா அமைந்தது. ராணுவமும் காவல்துறையும் அந்த வண்டியை மலையிலும் மணலிலும் ஓட்டிப் பார்த்தன. தாய்வீடான ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் அது நிற்கவில்லை. 1977இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. உள்ளூரில் ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்த பிறகே அதற்குக் கடல் தாண்டும் தகுதி வந்தது.

ரோபோ உலகிலிருந்தும் ஒரு சான்று உண்டு. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரை ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் வழியே நாம் அறிவோம். அது அவர் பிறந்த ஊர். அங்கிருந்த மெர்ஸ்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் பற்றவைக்கும் ரோபோக்கள் தேவைப்பட்டன. அந்நிறுவனத்தின் கொடையால் 1990களின் இறுதியில் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. அச்சூழலில் முளைத்த யுனிவர்சல் ரோபாட்ஸ் 2005இல் தொடங்கி, மனிதரின் அருகிலேயே வேலிக்கூண்டின்றி வேலை செய்யும் ரோபோ கையை உருவாக்கியது. 2008இல் முதல் கையை வாங்கியது லினாடெக்ஸ் என்னும் டேனிஷ் நிறுவனமே. 2015இல் அமெரிக்காவின் டெராடைன் அதை 28.5 கோடி டாலருக்கு வாங்கியது. கப்பல் தளம் 2012இல் மூடப்பட்டது. அது வளர்த்த அறிவு ஊரைக் காப்பாற்றியது.

மென்பொருளை இரவோடிரவாகத் திருத்தி அனுப்பிவிடலாம். ரோபோ அப்படியல்ல. அது புழுதியிலும் வெப்பத்திலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடவேண்டும், பழுதாகவேண்டும், பழுதின் காரணம் குறிக்கப்படவேண்டும். ஐரோப்பாவில் விற்கக் கட்டாயமான சிஇ முத்திரைக்குரிய நடைமுறைகளை மூன்று மாதப் பயிற்சி கற்றுத்தரலாம். பலகாலம் ஓடிய அனுபவத்தைத் தர முடியாது. அயல்நாட்டு வாடிக்கையாளர் கேட்கும் முதற்கேள்வியே, உங்கள் ஊரில் இதை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான்.

சென்னை ஐஐடியில் உருவான ஹோமோசெப், மலக்குழிக்குள் மனிதர் இறங்காமல் அதைத் தூய்மை செய்யும் எந்திரம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது, சாவுகள் நிற்கவில்லை. 2022இல் முதல் எந்திரங்கள் துப்புரவுப் பணியாளர்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் துணையுடன் வழங்கப்பட்டன. போற்றத்தக்க தொடக்கம் இது. ஆனால் வழங்கப்படுவது வேறு, வாங்கப்படுவது வேறு. ஒவ்வொரு நகராட்சியும் இத்தகைய எந்திரத்தைத் தன் ஆண்டுச் செலவில் ஓர் இனமாக எழுதும் நாளில்தான் இதற்குச் சந்தை பிறக்கும், உயிர்களும் பிழைக்கும்.

வழியே இல்லை என்பதில்லை. 2018 ஏப்ரலில் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் தொடங்கப்பட்ட ‘ஐடெக்ஸ்’ திட்டத்தில், படைகளே தம் தேவையைச் சிக்கலாக முன்வைக்க, இளம் நிறுவனங்கள் தீர்வு தேடுகின்றன. வாங்கப்போகிறவரே கேள்வி கேட்பது இதன் வலிமை. திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் ராணுவ ஆய்வகம் உருவாக்கிய ஆளில்லாக் கவச ஊர்தியான ‘முந்த்ரா’ 2017இல் காட்சிக்கு வந்தது. அறிவுக்கு இம்மண்ணில் பஞ்சமில்லை.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் மாலை வேளையில் இறங்கினால், உருக்காலைகளில் பணிமுடித்துத் திரும்பும் பீகார், ஒடிசா இளைஞர்களைக் காணலாம். கொதிக்கும் இரும்பின் அருகே அவர்கள் நிற்கும் இடத்தில் எது நிற்கவேண்டும், அப்போது அவர்கள் எங்கே நிற்பார்கள் என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும். முதற்கேள்விக்கு விடை தரும் எந்திரத்தைச் சென்னையின் இளைஞர்கள் செய்துவிடுவார்கள். அதைச் சுற்றியுள்ள ஆலைகள் வாங்கிப் பழகிவிட்டால், சிங்கப்பூருக்கும் ஓடென்ஸுக்கும் அது தானே செல்லும். இரண்டாம் கேள்விக்கு எந்த முடுக்கியிலும் பாடம் இல்லை. அது நாம் அனைவரும் சேர்ந்து எழுதவேண்டிய விடை.