மண்டிக் கணக்கும் ப்ரோட்டோகாலும்

2013-ல எங்க மாரண்டஹள்ளி மண்டியில அப்பா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னதுக்கு நான் எழுதின ஆப்தான் காரணம். என் பழைய ஐபோனைக் கொடுத்து "இனிமே நோட்டு வேண்டாம்ப்பா"ன்னு பந்தா வேற பண்ணியிருந்தேன். தேங்காய் பில்லைத் தொட்டதும் ஆப் படுத்துருச்சு!

தக்காளி பெட்டிக் கணக்கு, தேங்காய் எண்ணிக்கை, மஞ்சள் எடை. மூணுக்கும் பொதுவா இருக்கிறது 'விலை' மட்டும்தான். எல்லாத்தையும் ஒரே தாய் கிளாஸ்ல கொண்டுபோய்க் கட்டினா தேங்காய்க்கும் எடை ஒட்டிக்கும். அதனால 'விலை'ங்கிற ப்ராப்பர்ட்டியை ஒரு ப்ரோட்டோகால்ல அறிவிச்சேன். அதுவரைக்கும் சரி.

இந்த ஏற்பாட்டுக்கு வயசு அதிகம். 1980-களின் தொடக்கத்தில் பிராட் காக்ஸும் டாம் லவ்வும் உருவாக்கிய அப்ஜெக்டிவ்-சி மொழியில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய்தான். ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-ல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம் அதில் ப்ரோட்டோகாலைச் சேர்த்தது. அது எதையும் கொடுக்காது; "இதெல்லாம் உன்கிட்ட இருக்கணும்"னு வாக்கு மட்டும் வாங்கிக்கும். 1995-ல் வந்த ஜாவாவின் இன்டர்ஃபேஸ் இதைப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான். 2007-ல் அப்ஜெக்டிவ்-சி 2.0 வந்த பிறகே ப்ராப்பர்ட்டியை ஒரே வரியில் அறிவிக்க முடிந்தது. அதுக்கு முன்னாடி மதிப்பை எடுக்க ஒரு மெத்தட், வைக்க ஒரு மெத்தட்னு தனித்தனியா எழுதணும்.

2012-ல் கம்பைலரே ப்ராப்பர்ட்டிக்கு இடம் ஒதுக்க ஆரம்பிச்சது. நான் வழுக்கினது இங்கதான். கிளாஸுக்குள்ள அறிவிச்சாத்தான் அந்தச் சலுகை. ப்ரோட்டோகால்ல மட்டும் அறிவிச்சிருந்தா, கிளாஸ்ல மறுபடி அறிவிக்கணும், இல்லன்னா 'சிந்தசைஸ்'னு ஒரு வரி எழுதணும். தக்காளிக்கும் மஞ்சளுக்கும் எழுதினேன், தேங்காயை மறந்துட்டேன். கம்பைலர் மஞ்சள் எச்சரிக்கை (நம்மூர் விளையற மஞ்சள் இல்லீங்க) காட்டத்தான் செஞ்சது. நான்தான் கண்டுக்கலை.

விஷயத்தை விளக்கினதும் அப்பா கேட்டார்: "தர்றேன்னு வாயில சொன்னா ஆச்சா? சீட்டுல எழுத வேண்டாமா?"

2014-ல் வந்த ஸ்விஃப்ட்ல இதே தப்பைப் பண்ணினா ஆப் கம்பைலே ஆகாது. 2015-ல் ஸ்விஃப்ட் 2, ப்ரோட்டோகாலுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்தது. கணக்குப் போட்டுச் சொல்ற ப்ராப்பர்ட்டியை எல்லாருக்கும் பொதுவா அங்கேயே எழுதிடலாம். ஆனா சேமிக்கிற இடத்தை இன்னைக்கும் அவங்கவங்கதான் ஒதுக்கணும்.

பழைய அப்ஜெக்டிவ்-சி நிரலோட மல்லுக்கட்டுற மக்களே, மஞ்சள் எச்சரிக்கையை ஒருதடவை படிச்சுடுங்க. அப்பா இன்னும் நோட்டுலதான் எழுதறார் :-)