நூறு வயதும் பழைய பதிவேடுகளும்

யாராவது நூறு வயதைத் தாண்டிவிட்டால் எங்கட சனம் உடன சொல்லுற விளக்கம் ஒன்றுதான்: "அவையின்ர பரம்பரை அப்பிடி." இதை முழுப்பொய் என்று தள்ளிவிட ஏலாது. ஆனால் இதில் எவ்வளவு உண்மை? அதை அளந்து பார்க்க விஞ்ஞானிகள் பட்டபாடு ஒரு நல்ல வரலாற்றுக் கதை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கதையின் பாதி ஆய்வுகூடத்தில் இல்லை, பழைய பதிவேடுகளில் இருக்கிறது.

டென்மார்க்கில் 1954 இல் இரட்டையர்களுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். தேவாலயங்கள் எழுதிவைத்த பிறப்புப் பதிவுகளைக் கிண்டி, 1870 இலிருந்து பிறந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். யோசனை எளிமையானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றுதான். மற்ற வகை இரட்டையர், சாதாரணச் சகோதரங்களைப் போல, சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். சாகும் வயதில் முதல் வகையினர் கூடுதலாக ஒத்துப்போனால், அந்த மேலதிக ஒற்றுமை மரபணுவின் கணக்கில் சேரும். 1870 க்கும் 1900 க்கும் இடையில் பிறந்த 2872 சோடிகளை வைத்து 1996 இல் விடை வந்தது. ஆளுக்காள் ஆயுள் வேறுபடுவதில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ கால்வாசி.

2006 இல் டென்மார்க், சுவீடன், பின்லாந்து இரட்டையர்கள் இருபதாயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. 60 வயது வரைக்கும் மரபணுவின் செல்வாக்கு மிகக் குறைவு. அதற்குப் பிறகுதான் அது கூடிக்கொண்டு போகிறது. எங்கட சனத்தின் கதை கிழடுகள் விசயத்தில் கொஞ்சம் பலிக்கிறது என்று வையுங்கோ.

அப்ப எந்த மரபணு? 1994 இல் பிரான்சில் நூறு வயது கடந்த 338 பேரின் இரத்தத்தை எடுத்து, 20 முதல் 70 வயது வரையானவர்களோடு ஒப்பிட்டார்கள். ஏபிஓஈ என்ற மரபணு உடம்பில் கொழுப்பைக் கொண்டுதிரியும் புரதத்தை உருவாக்குகிறது. அதில் 2, 3, 4 என்று மூன்று வகை. இருதய நோய்க்கும் அல்சைமருக்கும் வழிவிடுகிற 4 ஆம் வகை நூறு வயதுக்காரரிடம் குறைவாகவும், 2 ஆம் வகை கூடவும் இருந்தது. அதே ஆய்வில் ஒரு புதிரும் வந்தது. இருதய நோயோடு தொடர்புபட்டதென்று நினைத்த இன்னொரு மரபணுவகை, குறையாமல், அவர்களிடம் கூடிக் கிடந்தது! 2008 இல் ஹவாயில் வாழும் யப்பானிய வம்சாவளி ஆண்களை ஆராய்ந்தபோது ஃபொக்ஸோ 3 என்ற மரபணு அகப்பட்டது. அடுத்த வருடமே ஜேர்மனியின் நூறு வயதுக்காரரிடமும் அது தென்பட்டது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நூறு வயதுக்காரரை யாரோடு ஒப்பிடுவது? அவையோட பிறந்த ஆக்கள் எல்லாரும் எப்பவோ செத்துப்போச்சினம். வேறு காலத்தில் பிறந்த இளையவர்களைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒப்பீடு கொஞ்சம் சறுக்கினாலும் முடிவு கவிழ்ந்துவிடும். 2010 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், மரபணுத்தொகுதியில் 150 இடங்களைப் பார்த்தால் ஒருவர் நூறைத் தொடுவாரா என்று 77 வீதம் சரியாகச் சொல்லலாம் என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகுதான் கவனித்தார்கள், நூறு வயதுக்காரரில் ஒரு பகுதியினரைப் பரிசோதித்தது வேறு வகைச் சிப்பில், அந்தச் சிப்பில் பிழை. 2011 இல் எழுதியவர்களே கட்டுரையை மீளப்பெற்றார்கள். திருத்திய வடிவம் 2012 இல் வேறொரு சஞ்சிகையில் வந்தது.

சரி, பிரான்சும் டென்மார்க்கும் இருக்கட்டும். எங்கட நாட்டுக் கணக்கு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இலங்கையில் 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் அது ஏறத்தாழ 14 ஆக இறங்கியது. டி.டி.ரி. தெளித்து மலேரியாவை மடக்கியதாலா, வைத்தியசாலைகளும் சாப்பாடும் கூடியதாலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எது காரணமென்றாலும், அந்த ஒரு வருடத்துக்குள் இலங்கையரின் மரபணு மாறியிருக்க முடியாது.

இரண்டு கதையும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ஒன்று எண்பதைத் தாண்டியவர்களில் யார் நூறைத் தொடுவது என்பதைப் பற்றியது. மற்றது எத்தனை பேர் எண்பதுக்கே வந்து சேருவது என்பதைப் பற்றியது. இரண்டையும் குழப்பி, எல்லாத்துக்கும் "பரம்பரை" என்று சொல்லிவிட்டால், ஒரு கிராமத்தில் சனம் ஏன் அறுபதிலேயே போகுது, அங்க நல்ல தண்ணி இருக்கா, கிளினிக்குக்கு எத்தனை மைல் என்று ஒருவரும் கேட்கமாட்டினம். அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு மரபணு படித்திருக்கத் தேவையில்லை. மரணப் பதிவேட்டைத் திறந்து வயதுகளை எண்ணத் தெரிந்தால் போதும். அது எங்களாலும் ஏலும்.