பழவேற்காட்டுக்கு ஒரு மணி நேரம்: பாட்டு கேசட்டின் கதை



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. சனி, ஞாயிறு வந்தால் நம் வளாகத்திலிருந்து பழவேற்காட்டுக் கடற்கரைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பல. கும்மிடிப்பூண்டியிலிருந்து நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலை வரை வந்து, பொன்னேரி வழியாகப் போனால் சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் காரில் யார் விருப்பப்படி பாட்டு ஓடுவது என்பதுதான் பெரிய வழக்கு. தாத்தாவுக்கு ஒன்று வேண்டும், பேத்திக்கு வேறொன்று வேண்டும். இந்த வழக்குக்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது. கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு காலத்தில் கேட்பவர்களிடம் இல்லை. கிராமபோன் வைத்திருந்த வீடுகள் குறைவு. அதில் ஓடிய 78 சுற்று இசைத்தட்டிலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். மற்றவர்களுக்கு வானொலியே கதி. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். உடனே நம் மக்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்களைப் போல ஆயின. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தன் பெயர் வருமா என்று காத்திருந்தவர்கள் நம் வளாகத்திலும் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். அகில இந்திய வானொலியும் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கியது. ஆனாலும் எந்தப் பாட்டு, எப்போது என்பதை நிலையத்தில் இருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள்.

அதை மாற்றியது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தியது. பிற நிறுவனங்களும் அதே அளவில் தயாரிக்க அனுமதித்ததால் உலகம் முழுக்க ஒரே கேசட் எல்லாக் கருவிகளிலும் ஓடியது. நம் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் 'டூ இன் ஒன்' கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் விலையைக் குறைத்தபின் கேசட் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது.

அப்போதுதான் ஊருக்கு ஊர் 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். காலி கேசட் ஒன்றை வாங்கி, பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழிதிக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். சில நாள் கழித்துப் போனால் அவர் தன்னிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து வைத்திருப்பார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. கொஞ்சம் சின்னப் பாட்டுகளாக இருந்தால் பதினான்கு. அதற்கு மேல் இடமில்லை. அதனால் தாளில் எழுதும் முன் வீட்டில் ஒரு மாநாடே நடக்கும். அம்மாவுக்கு இரண்டு, அண்ணனுக்கு மூன்று, பாட்டிக்கு ஒரு பக்திப் பாட்டு என்று பங்கு பிரிப்பார்கள். பதிந்தது அழியாமலிருக்கக் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தக்கையை உடைத்துவிடுவார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இப்படிப் பதிந்து விற்றதில் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு காசும் போகவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் கடைகள் உடனே மூடப்படவில்லை.

பிறகு எம்பி3 வந்தது. 700 எம்பி குறுந்தகட்டில் நூற்றைம்பது பாட்டு வரை அடங்கியது. பென்டிரைவில் ஆயிரக்கணக்கில் அடங்கியது. எதை விடுவது என்ற கேள்வியே போய்விட்டது. அதோடு வீட்டு மாநாடும் போய்விட்டது. இன்று செயலியே அடுத்த பாட்டை எடுத்துப் போடுகிறது. ஒருவர் கேட்ட பாட்டைப் போலவே இன்னும் பத்து வரும். பின் இருக்கையில் இருக்கும் பாட்டியின் பாட்டு வராது.

எனவே இந்தக் கோடைக்கு ஒரு யோசனை. பழைய 60 நிமிடக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு பாட்டு, காரில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று. முதல் பாட்டு மூத்தவருடையது. யார் பாட்டையும் பாதியில் தள்ளக் கூடாது. முந்தின இரவே பட்டியலைக் கைப்பேசியில் இறக்கி வைத்துவிட்டால், வண்டி ஓட்டுபவர் திரையைத் தொட வேண்டியிருக்காது. திரும்பும்போது பி.எச்.அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' மாதிரி நீங்களே பாடிக்கொண்டு வரலாம். ஏரியை நெருங்கியதும் சத்தத்தைக் குறையுங்கள். அது பறவைகள் சரணாலயம்.

இன்னொரு வேண்டுகோள், இதுதான் முக்கியம். பரணில் பழைய கேசட் பெட்டி இருந்தால் இந்த விடுமுறையில் இறக்குங்கள். கடையில் பதிந்த பாட்டுகள் வேறெங்காவது கிடைத்துவிடும். ஆனால் அட்டையில் அப்பா தன் கையால் எழுதிய பட்டியல் கிடைக்காது. பாட்டுகளுக்கு நடுவே யாரோ பொத்தானை அழுத்திப் பதிந்துவிட்ட குழந்தையின் மழலையோ, தாத்தாவின் குரலோ கிடைக்காது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகளின் எழுத்துகள் கல்லில் என்பதால் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன. கேசட் நாடா பிளாஸ்டிக்கின் மேல் பூசிய காந்தத் துகள்தான். நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அது கருவியையும் கெடுத்துவிடும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளையில் செருகி, 'அடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். கேசட் ஓடும் அளவுக்கே நேரம் பிடிக்கும். அட்டையை மறக்காமல் படமெடுத்து வையுங்கள்.

இன்னும் ஓடுகிற டேப் ரெக்கார்டர் யார் வீட்டிலாவது இருந்தால் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவும்.