குண்டில் தடவியது என்ன?

கேலாங்கில் பல சாப்பாட்டுக் கடைகளில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும்: ‘நோ போர்க், நோ லார்ட்’. ஹலால் சான்றிதழ் முயிஸ் கொடுப்பது. இது அப்படியில்லை, கடைக்காரர் தானே எழுதி ஒட்டிக்கொள்வது. போன மாதம் ஒரு லோரோங்கில் இப்படியொரு கடை வாசலில் நானும் நண்பனும் நின்றோம். அவன் கடையநல்லூர்க் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. தாளைப் படித்துவிட்டு, “பன்றிக் கொழுப்பு இல்லைனு போட்டிருக்கான் சரி, அப்ப என்ன எண்ணெய்னு போடலையேடா?” என்றான். பதில் சொல்லக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. வேறு கடைக்குப் போனோம்.

அந்த வாரம் நான் 1857 பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா, புண்பட்ட மத உணர்வு, கலகம்: பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த கதைதான். ஆனால் குண்டுக்கு எதற்குக் கொழுப்பு என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. குழலைவிடக் குண்டு நன்றாகவே சின்னது, போட்டால் உருண்டு உள்ளே போய்விடும். குறிதான் தேறாது. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைக் கவ்விச் சுழன்றபடி வெளியேற வேண்டும். குழல் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடைவெளி கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதிலும் பாதியைக் குண்டைச் சுற்றிய காகிதம் தின்றுவிடும். வெடிக்கும்போது ஈயக் குண்டின் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களில் இறுகும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

சிக்கல் மருந்தில் இருக்கிறது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்து முழுசாகப் புகையாகிப் போவதில்லை. எரிந்ததில் பாதிக்கு மேல் கசடாகத் தங்கும். சில தடவை சுட்டதும் குழல் அடைத்துக்கொள்ளும், அடுத்த குண்டு இறங்காது. கசடை இளக்கவும் குண்டை வழுக்கிக்கொண்டு இறக்கவும் பசை வேண்டும். இங்கிலாந்தில் வகுத்த கலவை: விலங்குக் கொழுப்பு ஐந்து பங்கு, ஸ்டியரின் ஐந்து பங்கு, மெழுகு ஒரு பங்கு. எந்த விலங்கு? அது எழுதப்படவில்லை.

இன்னொரு சங்கதி. பல்லால் கடித்துக் கிழிப்பது தோட்டாவின் மருந்து முனையை. பசை தோய்த்தது குண்டு முனையை. ‘அப்புறம் ஏன் வாயில் படுகிறது?’ என்று ஒரு அதிகாரி கேட்டிருந்தால், வரைபடத்தில் அவர் சொல்வது சரி. வங்காள வெயிலில், பத்துப் பத்தாகக் கட்டி வைத்த தோட்டாக்களில் கொழுப்பு வரைபடம் பார்த்தா உருகும்?

யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்க்க 1853இல் பசைத் தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தபோதே, பசையில் ஆட்சேபமான பொருள் இல்லை என்று தெரியும்வரை ஐரோப்பியர்களிடம் மட்டும் சோதித்துப் பாருங்கள் என்று வங்காளப் படையின் கர்னல் டக்கர் எழுதினார். காகிதம் காகிதமாகவே இருந்தது. 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் பேச்சு கிளம்பிய பிறகு விசாரித்தால், கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று உறுதி செய்ய யாரும் தனியாக அக்கறை எடுத்துக்கொள்ளவில்லை என்று கிடங்குத் தரப்பே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இதை ‘மூடநம்பிக்கை’ என்று தாண்டிப்போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சிப்பாய் கேட்டது, ‘இதில் என்ன கலந்திருக்கு?’ என்ற எளிய கேள்வி. கேள்வி கேட்டவருக்குச் சந்தேகம் இருந்தது, பதில் சொல்ல வேண்டியவருக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. வேலூரில் 1806இல் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டது இதே கம்பெனிதான். ஐம்பது வருஷம் மறக்கப் போதும் போல.

ஜனவரி கடைசியில் ஆணை வந்தது: பசையில்லாத தோட்டா தருகிறோம், பிடித்த கலவையை நீங்களே தடவிக்கொள்ளுங்கள். அதற்குள் சந்தேகம் பசையிலிருந்து காகிதத்துக்குத் தாவிவிட்டது. ஏன் இப்படிப் பளபளக்கிறது? பிப்ரவரியில் பாரக்பூர் விசாரணையில், காகிதத்தைக் கொளுத்திப் பார்த்தேன், கொழுப்பு எரிகிற மாதிரி பொரிந்தது என்று ஒரு சிப்பாய் சாட்சி சொன்னார். சோதனைதானே அது! ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் வாங்க மறுத்தது பழைய வகைத் தோட்டாவைத்தான். அந்த நிலையில் எந்தத் தோட்டாவை நீட்டியிருந்தாலும் மறுத்திருப்பார்கள். மே 10 மீரட் எரிந்தது.

அந்தத் தீயின் புகை இங்கேயும் வந்தது. சீனப் போருக்குப் போய்க்கொண்டிருந்த எல்ஜின் பிரபுவுக்கு ஜூனில் சிங்கப்பூரில்தான் கவர்னர் ஜெனரல் கானிங்கின் கடிதம் கிடைத்தது. சீனாவுக்கான படைகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார். இந்தியக் கைதிகள் நிறைந்த ஊர் இது; காவலுக்கு இருந்தவர்களும் மெட்ராஸ் படைச் சிப்பாய்கள். ஐரோப்பிய வணிகர்களுக்குத் தூக்கம் போனது. எங்களை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று அதே வருஷம் மனு போட்டார்கள், 1867இல் அது நடந்தது. 1859இல் குன்றின் மேல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு வைத்த பேர் கானிங். நம்மாட்கள் கல்யாண போட்டோ எடுக்கும் ஃபோர்ட் கானிங்தான்.

குண்டுக்கு வருகிறேன். கலகத்தை அடக்க வந்த பிரிட்டிஷ் துருப்புகளுக்கே 0.568 குண்டு சரியாக இறங்கவில்லை. வெயிலில் கொழுப்பு உருகி ஓடிவிடும், மிச்சம் புளித்து ஈயத்தை அரித்துப் பொருக்கு கட்டும். கால் மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பொருக்கு தாங்குமா? பிறகு குண்டை 0.550 அங்குலமாகச் சிறுக்க வைத்தார்கள். கொழுப்பைத் தள்ளிவிட்டு, அறுபது டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் உருகும் தேன்மெழுகுக்கு மாறினார்கள். மதத்துக்காக அல்ல, துப்பாக்கி சுட வேண்டுமே என்பதற்காக.

1857 ஜனவரி 22 அன்று டம்டம் அணிவகுப்பில், குறை இருப்பவர்கள் முன்னே வாருங்கள் என்றதும் மூன்றில் இரண்டு பங்கு சிப்பாய்கள் முன்னே வந்து நின்றார்கள். கொழுப்புக்குப் பதில் என்ன தடவலாம் என்று அவர்களே ஒரு யோசனையும் சொன்னார்கள்: மெழுகும் எண்ணெயும்.