நான்கு கட்டப் படத்தில் அடங்காத சாவுகள்

புகையிலைக் கொள்ளைநோய் எல்லா நாடுகளையும் ஒரே பாதையில் கடந்து செல்கிறது, சில நாடுகள் முன்னே போய்விட்டன, மற்றவை பின்னே வருகின்றன என்னும் கருத்து பொதுச் சுகாதார எழுத்தில் முப்பது ஆண்டுகளாக வழங்கி வருகிறது. இதை ஏற்போர் இந்தியாவை இரண்டாம் கட்டத்தில் வைப்பர். ஆண்களிடையே புகைத்தல் உச்சம் நோக்கி ஏறுகிறது, பெண்கள் ஓரிரு பத்தாண்டுகளில் பின்தொடர்வர், சாவுகள் இனிமேல்தான் குவியும் என்பது அவர்கள் கணிப்பு. கணிப்புக்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது ஒரே ஒரு வரைபடம். அதை மூலக் கட்டுரையோடு சேர்த்துப் படித்தால், இவ்வளவு பாரத்தை அது தாங்காது என்பது தெரியும். குறிப்பாக, அதிலுள்ள சாவுக் கோடு எதை அளக்கிறது என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது என் துணிபு.

1994இல் ‘டொபாக்கோ கண்ட்ரோல்’ இதழில் லோப்பஸ், காலிஷா, பிஹா ஆகிய மூவர் எழுதிய ஆறு பக்கக் கட்டுரையே மூலம். வளர்ந்த நாடுகளில் சிகரெட் கொள்ளைநோய் பற்றிய விவரிப்பு மாதிரி என்று தலைப்பிலேயே அவர்கள் எல்லை கட்டிவிட்டனர். படத்தின் கிடை அச்சு நூறு ஆண்டுகள். ஒரு பக்கம் புகைப்போர் விழுக்காடு, மறுபக்கம் புகைத்தலால் நேரும் சாவுகளின் விழுக்காடு. ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு இரண்டுமாக நான்கு கோடுகள். முதல் கட்டத்தில் புகைக்கும் ஆண்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. சாவு இன்னும் கண்ணுக்குப் புலப்படாது. இரண்டாம் கட்டத்தில் ஆண்களின் விகிதம் 50 முதல் 80 வரை ஏறும். மூன்றாவதில் ஆண்கள் இறங்கத் தொடங்க, பெண்கள் 35 முதல் 45 என்ற உச்சத்தைத் தொடுவர். நான்காவதில் இரு பாலாரும் இறங்குவர். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பரவிய பழக்கத்தின் சாவுகள் அப்போதுதான் உச்சம் பெறும். ஆண்களின் சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புகையால் நேரும்.

பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் அனுபவத்துக்கு இது நல்ல சுருக்கம். அதில் எனக்கு வழக்கில்லை. சிக்கல், இப்படம் மறுபதிப்பாகும்போது கட்டங்களுக்குக் கீழே எழுதப்படும் பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா முதல் கட்டம். சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா இரண்டாம் கட்டம். விவரிப்பு இவ்விடத்தில் ஆரூடமாகிவிடுகிறது. ஜப்பானை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1960களில் அங்கு ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் புகைத்தனர்; பின்னர் அது தொடர்ந்து இறங்கியது. பெண்களின் விகிதமோ அந்தக் காலம் முழுதும் 20ஐ எட்டவே இல்லை. தொழில்வளம் மிக்க, சிகரெட் மலிந்த ஒரு நாட்டிலேயே பெண்களின் கோடு வர மறுத்தது என்றால், அக்கோடு கொள்ளைநோயின் இயல்பைக் காட்டுகிறதா, ஆங்கிலம் பேசும் சில நாடுகளின் சமூக வரலாற்றைக் காட்டுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் பெண்களின் கோட்டைவிட அடிப்படையான சிக்கல் சாவுக் கோட்டில் உள்ளது. புகைத்தலால் எத்தனை பேர் இறந்தனர் என்பதை எந்த நாடும் இறப்புச் சான்றிதழைப் பார்த்து எண்ணிவிட முடியாது. இந்த இடரைக் கடக்க ரிச்சர்ட் பீட்டோ, லோப்பஸ் முதலியோர் 1992இல் ‘லான்செட்’ இதழில் ஒரு மறைமுக வழியை முன்வைத்தனர். புகைக்காதோரிடம் நுரையீரல் புற்றுநோய் அரிது. ஆகவே ஒரு நாட்டில் அந்நோய்ச் சாவு எவ்வளவு மிகுந்துள்ளதோ அதுவே அந்நாட்டில் புகைத்தல் எவ்வளவு காலம், எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அளவுகோல். அந்த அளவைக் கொண்டு, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982இல் தொடங்கிய, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வின் ஆபத்து விகிதங்களை மற்ற நோய்களுக்கும் பொருத்தினர். மிகைப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, மற்ற நோய்களின் கூடுதல் ஆபத்தைப் பாதியாகவும் குறைத்தனர். கணக்கு நேர்மையானது, எச்சரிக்கையானது, வளர்ந்த நாடுகளுக்காகவே செய்யப்பட்டது. 1994 கட்டுரையின் சாவுக் கோடுகள் இந்தக் கணக்கு மரபிலிருந்தே பிறந்தன என்று கொள்வதே பொருத்தம். அப்படியானால் அக்கோடு உண்மையில் நுரையீரல் புற்றுநோயின் கடிகாரம். மற்ற நோய்கள் அந்தக் கடிகாரத்தின் நேரத்தைக் கடன் வாங்கியே அதில் இடம்பெறுகின்றன.

நுரையீரல் புற்றுநோய் முதன்மைக் கொலையாளியாக இல்லாத நாட்டில் இந்தக் கடிகாரம் என்ன காட்டும்? இதற்கு விடை தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. கஜலட்சுமி, பீட்டோ உள்ளிட்டோர் 2003இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட ஆய்வு, சென்னையிலும் தமிழ்நாட்டின் கிராமப்புறத்திலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டது. நகரத்தில், புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் விகிதம் புகைக்காதவர்களைப் போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு. 25 முதல் 69 வயதுக்குள் புகைத்தலால் நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு மூச்சுறுப்பு நோய்கள், அவற்றிலும் பெரும்பாலும் காசம். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இதய, இரத்தக் குழாய் நோய்கள். புற்றுநோய்கள் அனைத்தும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்கைச் சற்றுத்தான் தாண்டின. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைத்தலே காரணம் என்று அவ்வாய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இந்த முடிவைப் பெரும்பாலோர் நான்கு கட்ட மாதிரிக்குத் துணைச் சான்றாக மேற்கோள் காட்டுகின்றனர். என் வாசிப்பில் அது மாதிரியின் அடித்தளத்தையே அசைக்கிறது. காசக் கிருமி ஏற்கெனவே உடலில் உறங்கிக்கொண்டிருக்கும் மக்களிடையே, புகை புதிதாக ஒரு கட்டியை வளர்க்க முப்பது ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. உறங்கும் தொற்றை எழுப்பிவிட்டால் போதும். எனவே பழக்கத்துக்கும் சாவுக்கும் இடையே மூன்று நான்கு பத்தாண்டுகள் என்ற இடைவெளி, அந்தப் படத்தின் உயிர்நாடியான இடைவெளி, இங்கே பொதுவிதியாகாது. காலம் எவ்வளவு சுருங்குகிறது என்பதை அந்த ஒரு தரவிலிருந்து அறுதியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுருங்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரபாத் ஜா குழுவினர் 2008இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, 30 முதல் 69 வயதுக்குள் இறக்கும் இந்திய ஆண்களில் ஐந்தில் ஒருவர் சாவுக்குப் புகைத்தல் காரணம் என்றது. அதாவது ‘இனிமேல்தான்’ என்று படம் ஒத்திவைத்த சாவுகள் நடுவயதினரை ஏற்கெனவே கொண்டுபோய்க்கொண்டிருந்தன. பீடி புகைத்த ஆண்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டு ஆயுளையும், பீடி புகைத்த பெண்கள் எட்டு ஆண்டு ஆயுளையும் இழந்தனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

மெல்லும் புகையிலைக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. 1933இல், பிரிட்டனில் டாலும் ஹில்லும் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்த தம் ஆய்வை வெளியிடுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, அன்றைய தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையிலிருந்து ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் வெற்றிலை போடுவோரிடம் காணும் வாய்ப்புற்றுநோய் பற்றி ‘லான்செட்’டில் எழுதினார். சிகரெட் இன்னும் பரவாத சிற்றூர்களில், மாதிரி சாவே தெரியாது என்று சொல்லும் கட்டத்தில், அறுவை மேசைக்கு நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். (பாக்கே தனியாகப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல்தான் தெளிவாகச் சொன்னது, அந்தக் கலப்பில் புகையிலையின் பங்கைப் பிரித்தெடுப்பது தனி வழக்கு.)

பெண்களின் கோட்டுக்குத் திரும்புவோம். ஆந்திரக் கடலோரத்தில் சுட்டா என்னும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பவர்கள் பெரும்பாலும் மூத்த பெண்கள். அங்கு ஆண்களைப் பார்த்துப் பெண்கள் பின்தொடரவில்லை. உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைக்கும் பெண்கள் 2009–10இல் 2.9 விழுக்காடு, 2016–17இல் 2.0. மென்றோ வேறு வகையிலோ புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 18.4இலிருந்து 12.8 ஆயினர். புகைக்கும் ஆண்களும் 24.3இலிருந்து 19.0க்கு இறங்கினர், மாதிரி சொன்ன 50 முதல் 80 என்ற உயரத்துக்கு அருகில்கூட இல்லை. சீனத்தில் 1930களில் பிறந்த பெண்களில் பத்தில் ஒருவர் புகைத்தார். 1960களில் பிறந்தோரில் நூற்றில் ஒருவரே. ஏற வேண்டிய கோடு இரண்டு பெரும் நாடுகளில் இறங்கியிருக்கிறது.

மறுப்புகள் உண்டு. மாதிரி என்பது விவரிப்பே, விதியன்று என்பர். அப்படியானால் அதை வைத்து வருங்காலத்தைச் சொல்வதை நிறுத்தட்டும். 2012இல் லோப்பஸும் பீட்டோவும் உடனிருந்து வெளியான திருத்தம் ஆண், பெண் கட்டங்களைப் பிரித்துவிட்டதே என்பர். பிரித்தது உண்மை, ஆனால் அதுவும் சிகரெட்டின் கதையே, பீடியும் கைனியும் அதில் ஓரத்திலேயே நிற்கின்றன. 2019ஆம் ஆண்டு இளையோர் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 9.6 விழுக்காடும் மாணவிகளில் 7.4 விழுக்காடும் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னது வலுவான எதிர்வாதமாகத் தோன்றலாம். முப்பது நாளில் ஒருமுறை தொட்டதும் அக்கணக்கில் சேரும். வளர்ந்த பெண்களின் பழக்கத்தை அது முன்னறிவிக்கிறது என்பதற்கு இதுவரை சான்றில்லை. வயதுவந்தோர் கணக்கெடுப்பின் அதே இரு சுற்றுகளுக்கிடையே தமிழ்நாட்டின் மொத்தப் புகையிலைப் பயன்பாடு 16.2 விழுக்காட்டிலிருந்து 20.0க்கு ஏறியதுதான் எனக்கு உறுத்தலான எண். நாடு இறங்கும்போது ஒரு மாநிலம் ஏறுவதை எந்தக் கட்டமும் விளக்கவில்லை என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இது ஏட்டுச் சண்டை அன்று. சிகரெட்டையே கொள்ளைநோய் என்று எண்ணும் பார்வையில் பீடி தானாக மறையப்போகும் எச்சமாகத் தெரிகிறது. 2016–17இல் சிகரெட் புகைத்தோர் 4.0 விழுக்காடு, பீடி புகைத்தோர் 7.7 விழுக்காடு. பீடிக்கு வரி ஏறாததற்கு வரைபடம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தென்காசி, திருநெல்வேலி வட்டாரங்களில் மடியில் முறத்தோடு பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு அந்த வாதத்தில் எப்போதும் முன்நிறுத்தப்படுகிறது. அவர்கள் நாள் முழுதும் மூக்கில் ஏற்றும் புகையிலைத் தூள் மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கும் சிகரெட்டுக்கும் 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஈட்டு மேல்வரியோ சிகரெட்டுக்கு மட்டுமே. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டை 40 விழுக்காட்டுக்கு உயர்த்தவும், பீடியை 28இலிருந்து 18க்கும் பீடி சுற்றும் இலையை 18இலிருந்து 5க்கும் குறைக்கவும் பரிந்துரைத்தது.