ஹோய் ஆன்

ஹோய் ஆன் நடு வியட்நாமில், தூ போன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே அமைந்த பழைய துறைமுக நகரம். தா நாங்குக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. பழைய ஐரோப்பிய ஏடுகளில் ஃபைஃபோ என்று வரும். இதன் வாணிகம் காற்றை நம்பி நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சீன, ஜப்பானியக் கப்பல்களைச் சந்திர ஆண்டின் முதல் மாதங்களில் கொண்டுவந்து சேர்க்கும்; கோடையில் தென்மேற்குக் காற்று எழுந்ததும் அவை திரும்பிவிடும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இன்று இங்கே வரும் பயணி, அன்றைய வணிகன் வந்த பருவத்திலேயே வருகிறார்.

தொடக்ககாலம் சம்பா அரசுக்கு உரியது. தூ போன் படுகையில் உள்ள மீ சோன் பள்ளத்தாக்கில், பத்திரவர்மன் 4ஆம் நூற்றாண்டில் பத்ரேசுவரர் என்னும் சிவனுக்குக் கோயில் எடுத்தான் என்பது சமஸ்கிருதக் கல்வெட்டுகளால் அறியப்படும் செய்தி. துறைமுகத்தைப் பற்றி அவ்வளவு தெளிவான எழுத்துச் சான்று இல்லை. ஆனால் இப்பகுதிக் கடல்வழி வாணிகத்துக்குப் பொருட்சான்று உண்டு: கூ லாவ் சாம் தீவுக்கு அருகே மூழ்கிய 15ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றிலிருந்து 1990களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியப் பீங்கான் பொருள்கள் எடுக்கப்பட்டன.

நுயென் பிரபுக்கள் தெற்கே தனியாட்சி நிறுவிய பிறகுதான் ஆவணங்கள் பெருகுகின்றன. ஜப்பானிய அரசின் செம்முத்திரை உரிமம் பெற்ற கப்பல்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளியும் செம்பும் கொண்டுவந்து, பட்டு, அகில், சர்க்கரை ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. 1618 முதல் 1622 வரை இந்நாட்டில் தங்கிய இத்தாலிய இயேசு சபைத் துறவி கிறித்தோபொரோ போரியின் நூல் 1631இல் வெளியானது. ஃபைஃபோவை அவர் இரண்டு ஊர்களாகவே காண்கிறார். ஒன்று சீனருக்கு, மற்றொன்று ஜப்பானியருக்கு. இரண்டுக்கும் தனித்தனித் தலைவர், தனித்தனிச் சட்டம். ஆண்டுச் சந்தை ஏறத்தாழ நான்கு மாதம் நீடித்ததாம். நாகசாகி வணிகர் அராக்கி சோதாரோ 1619இல் நுயென் குடும்பப் பெண்ணை மணந்தார். அவர் பிரபுவின் சொந்த மகளா, வளர்ப்பு மகளா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த மணமகள் வந்திறங்கிய ஊர்வலத்தை நாகசாகித் திருவிழாவில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

1635இல் ஜப்பானியர் வெளிநாடு செல்வதை அவர்களது அரசே தடைசெய்தது. அதன்பின் குடியிருப்பு மெல்லத் தேய்ந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாமஸ் பௌயர் 1695இல் வந்தபோது ஆற்றங்கரைத் தெருவில் நூறு வீடுகள் அளவில் இருந்தன. நான்கைந்து ஜப்பானியக் குடும்பங்களைத் தவிர மற்றவை சீனருடையவை. அதே ஆண்டு வந்த சீனத் துறவி தாஷான், கடைகளில் பேரம் பேசி விற்பவர்கள் பெண்களே என்று எழுதுகிறார்.

சுங்க விவரங்களுக்கு நமக்குக் கிடைத்த சிறந்த சாட்சி, 1776இல் வடபகுதி அரசின் அதிகாரியாக வந்த அறிஞர் லே குய் தோன். அவர் தரும் பட்டியலின்படி ஹைனான் கப்பல் வந்ததும் 500 குவான், புறப்படும்போது 50 குவான் கட்டவேண்டும். ஐரோப்பியக் கப்பலுக்கு 8,000, 800. குவான் என்பது 600 காசு கோத்த சரம். எந்த நாட்டுக் கப்பலானாலும் போகும் வரி வரும் வரியில் பத்தில் ஒன்று. எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு விலையுள்ள சரக்கோடு வருகிறார்கள் என்பதைக் கணித்து இந்தத் தொகையை நிர்ணயித்திருக்கலாம்.

ஓட்டுக்கூரை வேய்ந்த ஜப்பானியப் பாலத்தைக் கட்டிய ஆண்டு 1593 என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. அதற்குச் சமகாலச் சான்று காட்டப்படுவதில்லை. 1719இல் பிரபு நுயென் புக் சூ இதற்குப் பெயர் சூட்டினார் என்பது உறுதி. தலை இந்தியாவிலும் வால் ஜப்பானிலும் கிடக்கும் பெருங்கெளிறு ஒன்று புரண்டால் நிலம் நடுங்கும் என்றும், அதன் முதுகில் குத்திய வாளாக இப்பாலம் எழுந்தது என்றும் கதை வழங்குகிறது. இரு முனைகளிலும் உள்ள குரங்கு, நாய்ச் சிலைகள் கட்டுமானம் தொடங்கி முடிந்த ஆண்டுகளைக் குறிப்பதாகச் சிலர் சொல்வர்.

1771இல் வெடித்த தே சோன் கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த போர்களும் நகரைப் பாழாக்கின. 19ஆம் நூற்றாண்டில் சீன வணிகர்கள் மீண்டும் கட்டினார்கள். ஆறு தூர்ந்து பெரிய கப்பல்கள் வர முடியாமற்போனதால் பிரெஞ்சு ஆட்சியில் வாணிகம் தா நாங்குக்கு மாறியது. ஊர் வறுமைப்பட்டதே அதன் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பியதற்குக் காரணம் எனலாம்.

எஞ்சிய வீடுகளில் கவனிக்கத்தக்கவை கதவுக் கண்கள். வாசல் நிலையின் மேல் இரண்டு வட்ட மரக்கட்டைகள், பலவற்றில் செவ்வந்தி இதழ் செதுக்கியிருக்கும். தெத் புத்தாண்டுக்கு அவற்றில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மேல்தளப் பலகையில் சதுரத் திறப்பு உண்டு: வெள்ளம் வந்தால் சரக்கைக் கயிற்றில் மேலே இழுக்க. வெள்ளம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். இளவேனில் தொடங்கும்போது ஆறு தணிந்திருக்கும். காம் ஹா பகுதியில் தெத்துக்கென வளர்த்த, குட்டி ஆரஞ்சு போன்ற கும்குவாட் செடிகள் அதற்குள் தொட்டிகளோடு விற்றுப்போயிருக்கும். முதல் பௌர்ணமியில் சீனச் சங்கக் கூடங்களில் ஊதுபத்திப் புகை நிறையும். ஃபூஜியன் கூடத்தின் தெய்வம் கடலோடிகளைக் காக்கும் தியென் ஹாவ். ஆயிரம் காதம் பார்ப்பவன் ஒருவன், ஆயிரம் காதம் கேட்பவன் ஒருவன் என அவளுக்கு இரு துணைவர்கள்.

1980களிலும் 90களிலும் இந்நகரின் பாதுகாப்புக்கு உழைத்த போலந்துக் கட்டடக்கலைஞர் காசிமியேஷ் க்வியாத்கோவ்ஸ்கிக்கு இங்கே சிலை உண்டு. 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஹோய் ஆன் இடம்பெற்றது. ஜப்பானியப் பாலத்தின் அண்மைச் சீரமைப்பு 2024இல் முடிந்தது. புதிய வண்ணம் பற்றி வாதம் எழுந்தது. 2025 ஜூலையில் குவாங் நாம் மாகாணம் தா நாங்குடன் இணைக்கப்பட்டபின் ஹோய் ஆன் தனி நகராட்சியாக இல்லை.