எந்தக் கேமராவில் எடுப்பது?

நம் குடியிருப்பில் எழுபது வயதைக் கடந்தவர்கள் எல்லோரையும் தனித்தனியே படம் எடுத்து, பிரேம் போட்டுக் கொடுப்பது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது. கேமரா வாங்க வேண்டியதில்லை. ஏ பிளாக்கில் ஒருவரிடம் நிக்கான் டி700 இருக்கிறது. சி பிளாக்கில் ஒருவரிடம் கேனான் 5டி மார்க் 2 இருக்கிறது. எதில் எடுப்பது என்றுதான் வாட்சப் குழுவில் பேச்சு ஓயவில்லை. கொஞ்சம் பழைய கதையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

இரண்டுமே 2008-இல் வந்த உயர்தரக் கேமராக்கள். நிக்கான் ஜூலையில், கேனான் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. இரண்டின் சென்சாரும் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். இந்த அளவு ஜப்பானில் பிறந்ததல்ல. சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கும் சிறிய கேமராவை ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் உருவாக்கினார். அதுதான் 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா. அதன் ஒரு ஃபிரேமும் இதே 36-க்கு 24 தான்.

அந்த லைக்கா நம் ஊருக்கும் வந்தது. 1950 ஏப்ரலில், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அரவிந்தர் பல ஆண்டுகளாக யாரையும் படமெடுக்க விட்டதில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் மறைந்தார். எட்டு மாதம் தள்ளிப் போயிருந்தால் அந்த முதிய முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் படம் என்றால் ஸ்டூடியோதான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கும் மரக் கேமரா, வரைந்த பின்திரை, ஒரு நாற்காலி, அசையக்கூடாது என்ற கண்டிப்பு. நெகட்டிவில் பென்சிலால் தொட்டு முகச் சுருக்கத்தை மறைப்பதும் உண்டு. எங்கள் பாட்டிக்கு அப்படி எடுத்த ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. இன்னொரு பிரதி போடலாம் என்று போனபோது ஸ்டூடியோ மூடிப் பல காலமாகியிருந்தது. பழைய நெகட்டிவுகளில் பல, வெள்ளி பிரித்தெடுக்க எடைக்குப் போய்விட்டன. மிஞ்சிய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கும் வேலையைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்தது.

இனி நம் இரண்டு கேமராவுக்கு வருவோம். பெரிய சென்சாரால் நமக்கு ஒரு வசதி: 85 மி.மீ. லென்ஸைப் போட்டு ஆறேழு அடி தள்ளி நின்றாலே தலையும் தோளும் அழகாக அமையும். சிறிய சென்சார் என்றால் பத்தடி போக வேண்டும். நம் ஹாலில் சோபா இடிக்கும்.

கேனானில் 21.1 மெகாபிக்சல், நிக்கானில் 12.1. பதினெட்டு அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டால் கேனானில் அங்குலத்துக்கு 312 புள்ளி, நிக்கானில் 236 புள்ளி கிடைக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலைமுடியில் வித்தியாசம் தெரியலாம். நாம் கொடுக்கப்போவதோ எட்டு அங்குலப் படம். அதற்கு இரண்டும் தாராளம்.

ஃபோகஸில் நிக்கான் ஒரு படி மேல். அதில் 51 புள்ளிகள்; கேனானில் 9 தான், மங்கிய வெளிச்சத்தில் நடுப்புள்ளியைத்தான் நம்ப முடியும். லென்ஸை முழுதாகத் திறந்து எடுக்கும்போது கண்ணில் ஃபோகஸ் தவறி மூக்கில் விழுந்தால் படம் வீண். கை நடுங்கும், தலை அசையும் பெரியவர்களுக்கு இது முக்கியம். ஆகவே என் ஓட்டு நிக்கானுக்கு. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்தால் கேனானிலும் குறை வராது.

ஆனால் 2009-இல் நான் எடுத்த குடும்பப் படங்கள் எந்தக் கேமராவில் எடுத்தவை என்பது இன்று பொருட்டே இல்லை. அவை இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகி எல்லாம் போயின. பிரதி எடுத்து வைக்காதது என் தவறு. பாட்டியின் படமோ காகிதத்தில் இருந்ததால் இன்னும் சுவரில் இருக்கிறது.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தையும் பிரிண்ட் போடுவோம். பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுவோம். கோப்பை இரண்டு இடத்தில் வைப்போம். கேமரா விவாதத்தை அதற்குப் பிறகும் தொடரலாம். பெரியவர்களைக் காக்க வைக்க வேண்டாம்.